பெட்டி கட்டும் முன்: பரவையிலிருந்து அரபு நாடுகளுக்குச் சுற்றுலா

மதுரை–திண்டுக்கல் சாலையில் காய்கறிச் சந்தைக்கு லாரிகள் வந்து போகும் ஊர் பரவை. இந்தப் பக்கத்தில் நெடுநாளாக ‘துபாய்’ என்றால் சம்பாதிக்கப் போகும் இடம். இப்போது அதே துபாய்க்கு மகனைப் பார்க்கப் பெற்றோர் போகிறார்கள்; முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளோடு தம்பதியர் போகிறார்கள். கோபுரங்களையும் பாலைவனத்தையும் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் வீடு திரும்புகிறார்கள்.

இப்படிப் போகிறவர்களுக்கு அங்கே நேரும் சிக்கல்கள் பலவற்றுக்கு மூலம் இங்கேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பெயர் எழுதிய விதம், வீட்டில் அரைத்த மசாலாப் பொடி, பக்கத்து வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் நீட்டிய பொட்டலம் என எங்கிருந்தும் அது தொடங்கலாம். அதனால் இந்த அத்தியாயத்தில் ஊர் சுற்றுவதைவிட, புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றுக்கே இடம் அதிகம். விசா விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாடு, எந்த மாதம்

முதல் பயணத்துக்கு ஐக்கிய அரபு அமீரகம் எளிது. மதுரையிலிருந்தே துபாய்க்கு நேரடி விமானம் உண்டு. 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபிக்கும் நேரடிச் சேவை தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கிய ஊர். இந்தச் சேவைகளின் அட்டவணை அடிக்கடி மாறும். தோதான நாளில் கிடைக்காவிட்டால் திருச்சி, சென்னை, கொச்சி விமானங்களைப் பாருங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். கடலோர ஊர்களில் புழுக்கமும் சேரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரக அரசே தடை போட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் பழகிய மதுரைக்காரர்கள் ‘நமக்கென்ன’ என்று நினைத்துவிட வேண்டாம். கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் ஏப்ரலிலேயே போய்விடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஓமனின் தென்கோடியில் உள்ள சலாலா. தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலைகளைத் தொடுவதால், ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே சாரலும் மூடுபனியும் பச்சையுமாக இருக்கும். பழங்காலத்தில் உலகுக்கெல்லாம் குங்கிலியம் அனுப்பிய தோபார் பகுதி இது. அந்த வணிகத் தடங்களை யுனெஸ்கோ 2000இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அரபு நாடென்றால் மணல்தான் என்று நினைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

வரலாறு பிடித்தவர்களுக்கு ஜோர்டானின் பெட்ரா. மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்ததாகச் சொல்லப்படும் நெபோ மலையும், இயேசு திருமுழுக்குப் பெற்றதாகக் கருதப்படும் அல்-மக்தஸும் அதே நாட்டில் இருப்பதால் கிறிஸ்தவக் குடும்பங்களும் விரும்பிப் போகிறார்கள். ‘ஜோர்டான் பாஸ்’ முன்கூட்டியே வாங்கி, குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசாக் கட்டணம் இல்லை; பெட்ரா நுழைவும் அதிலேயே அடங்கிவிடும்.

சவூதியில் மக்கா நகருக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. திட்டம் போடும்போதே இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

ரமலான் மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வரும். 2027இல் பிப்ரவரி முற்பகுதியில் தொடங்கும். அந்த மாதத்தில் போகக் கூடாது என்றில்லை. ஆனால் பகலில் தெருவில் நின்று சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, புகைப்பது கூடாது. துபாயில் உணவகத்துக்கு உள்ளே சாப்பிடலாம். மாலைத் தொழுகைக்குப் பின் ஊர் விழித்துக்கொள்ளும். இரவுச் சந்தைகளைப் பார்க்க அதைவிட நல்ல மாதம் கிடையாது.

பாஸ்போர்ட், விசா: வரிசை முறை

1. பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயணம் தொடங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும்.

2. பெயர்ப் பகுதியைப் பாருங்கள். தமிழர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் வழக்கம் இனிஷியலும் பெயரும். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா, விசிட் விசா கிடையாது என்று அறிவித்தது. விமான நிறுவனங்கள் கவுன்ட்டரிலேயே பயணிகளை நிறுத்தின. புதிதாக எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து, தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே ஒற்றைப் பெயர் இருந்தால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துச் சரிசெய்துவிட்டு, பிறகு டிக்கெட் எடுங்கள்.

3. விசாவுக்கு விண்ணப்பியுங்கள். அமீரகச் சுற்றுலா விசா 30 நாள், 60 நாள் என்று கிடைக்கிறது. விமான நிறுவனம், டிராவல்ஸ், அங்கே குடியிருக்கும் உறவினர் ஆகிய வழிகளில் எடுக்கலாம். தங்குமிட விவரமும் திரும்பும் டிக்கெட்டும் கேட்பார்கள். கத்தாருக்கு இந்தியர்கள் முன்விசா எடுக்கத் தேவையில்லை; ஆனால் ‘டிஸ்கவர் கத்தார்’ தளம் வழியாகத் தங்குமிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஓமனுக்கு இ-விசா.

4. விசா வந்ததும் பெயர் எழுத்து, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். ஒரு எழுத்துப் பிழையும் ஏற்கப்படாது.

5. பயணக் காப்பீடு எடுங்கள். 2024 ஏப்ரல் 16 அன்று, 1949இல் பதிவுகள் தொடங்கியது முதல் காணாத மழை அமீரகத்தில் கொட்டியது; துபாய் விமான நிலையம் நாட்கணக்கில் தடுமாறியது. 2025 ஜூன் 23 இரவு, கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது வளைகுடா வான்வெளியே சில மணி நேரம் மூடப்பட்டது. இரண்டு நாள் கூடுதலாகத் தங்குவதற்கான பணமும், அதற்கேற்ற மருந்தும் எப்போதும் கையில் இருக்கட்டும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கைகளைப் புறப்படும் வாரத்தில் பாருங்கள்.

விசாக் காலம் முடிந்த பின் அமீரகத்தில் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். ‘ஒரு வாரம் கூட இருந்துவிட்டுப் போகலாமே’ என்று உறவினர் அன்பாகச் சொன்னாலும் தேதியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

‘விசிட்டில் போ, வேலை அங்கே பார்த்துக்கலாம்’

இந்தச் சொல்லைச் சொல்லும் ஏஜென்டிடமிருந்து விலகிவிடுங்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல், மறுநுழைவுத் தடை எல்லாம் வேலைக்குப் போனவர் தலையில்தான் விழும், ஏஜென்ட் தலையில் விழாது. வேலைக்கு முறையாக அனுப்பும் முகவர்களின் பெயர்கள் மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் இருக்கின்றன.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’ குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கு வேண்டாம். ஆனாலும் குடியேற்றக் கவுன்ட்டரில் இவர்களிடம் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடம், மகன் அழைத்திருந்தால் அவருடைய அமீரக அடையாள அட்டையின் நகல், செலவுக்குப் பணம் ஆகியவை ஒரே கோப்பில் காகிதமாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். போனில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பெட்டியில் போகக் கூடாதவை

இந்தப் பகுதியை வீட்டில் சமையல் செய்பவரும் படிப்பது அவசியம்.

கசகசா: நம் குருமாவிலும் பிரியாணி மசாலாவிலும் இயல்பாக விழும் பொருள். அமீரகம், சவூதி, கத்தார் நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் அதைப் போதைப் பொருளாகவே நடத்துகிறார்கள். தெரியாமல் கொண்டுவந்தோம் என்பது அங்கே தப்பிக்கும் காரணம் ஆகாது. தனியாக எடுத்துச் செல்லாவிட்டாலும், வீட்டில் அரைத்த கறி மசாலாவில் கலந்திருந்தால் அதுவும் ஆபத்துதான். மகனுக்குப் பொடி கொடுத்தனுப்ப ஆசையாக இருந்தால், கசகசா இல்லாமல் வறுத்து அரையுங்கள். அதைவிட, பொருட்கள் அச்சிட்ட கடைப் பாக்கெட்டே நல்லது.

வெற்றிலை, பாக்கு: பரவைக்குப் பக்கத்துச் சோழவந்தான் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்கு அது பெருமைதான். துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் வெற்றிலை இருக்கிறது. வெற்றிலை போடும் பாட்டி கூட வருகிறார் என்றால் அவரிடம் முன்பே சொல்லி மனதைத் தயார் செய்யுங்கள். பான் மசாலா, ஹான்ஸ் போன்றவற்றையும் விட்டுவிடுங்கள்.

கொப்பரை: எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக் கூடியது என்பதால் செக்-இன் லக்கேஜில் அனுமதி இல்லை. ஊறுகாய், நெய் இரண்டையும் கைப்பையில் விட மாட்டார்கள். நன்றாக அடைத்துப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

மருந்துகள்: சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளால் பெரும்பாலும் சிக்கல் வராது. வலிக்கான டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனாசிபாம், நரம்பு வலிக்கான பிரிகாபலின் ஆகியவை அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. இங்கே டாக்டர் சாதாரணமாக எழுதித் தருபவை என்பதால் கவனமாகப் பாருங்கள். முறை இதுதான்:

1. எல்லா மாத்திரைகளையும் மேசையில் பரப்பி, டாக்டரிடமோ மருந்தாளரிடமோ மூலப்பெயர்களை எழுதி வாங்குங்கள்.
2. கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏதாவது இருந்தால் மாற்று மருந்து கேளுங்கள். மாற்ற முடியாதென்றால் அமீரக அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் முன் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.
3. டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், முத்திரையோடு இருக்கட்டும்.
4. முழு அட்டையாகவே எடுத்துச் செல்லுங்கள். நம் மருந்துக் கடைகளில் நான்கு மாத்திரை வெட்டிக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள்; பெயரில்லாத அந்தத் துண்டு சுங்கத்தில் சந்தேகத்தை வரவழைக்கும். பெயரில்லாத டப்பாவில் லேகியமும் சூரணமும் வேண்டாம்.
5. மருந்து கைப்பையில். செக்-இன் பெட்டி தாமதமானால் இன்சுலினும் தாமதமாகும்.

பிறர் கொடுக்கும் பொட்டலம்

2019 ஜூலையில் மும்பைத் தம்பதியர் கத்தாருக்குப் போனார்கள். பயணச் செலவை ஏற்ற உறவினர் கொடுத்துவிட்ட பையில் 4 கிலோ அளவுக்கு ஹஷிஷ் இருந்தது. மனைவி அப்போது கர்ப்பிணி. பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தை சிறையில்தான் பிறந்தது. இந்தியப் போதைப்பொருள் தடுப்புத் துறை உண்மையைக் கண்டறிந்த பின், மேல்முறையீட்டில் விடுதலையாகி, 2021 ஏப்ரலில்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

உறவினரே கொடுத்தது அது. ஆகவே ‘என் தம்பி வந்து வாங்கிக்குவான், சின்னப் பொட்டலந்தான்’ என்று யார் சொன்னாலும் பிரித்துப் பாருங்கள்; பிரிக்கச் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள். முகம் கோணினாலும் பரவாயில்லை. திரும்பும்போதும் இதே விதி. துபாயில் டிக்கெட் போட்டுத் தருகிறோம், இந்தச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுப் போனால் போதும் என்பவர்கள் தேடுவது தங்கம் கடத்திவரும் ‘குருவி’களை. பிடிபடுவது குருவிதான், அனுப்பியவர் வேறு எங்கேயோ இருப்பார்.

பணமும் நகையும்

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துச் செல்லலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையில், பான் அட்டை காட்டி, ரசீதோடு மாற்றுங்கள். திர்ஹாம், ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்ட நாணயம். ரூபாய்–டாலர் விலை தெரிந்தால், கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று நீங்களே கணக்குப் போடலாம். டூர் பேக்கேஜ் எடுத்தால் ‘டிசிஎஸ்’ என்று வரி பிடிப்பார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

தாலிச் சங்கிலிக்கு மேல் கனமான நகை போட்டுச் செல்பவர்கள், புறப்படும்போதே மதுரை விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது, இங்கிருந்து கொண்டுபோனது என்று நிரூபிப்பது பெரும்பாடு. நகைகளைப் படமெடுத்து, வாங்கிய ரசீதின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாள்

பரவையிலிருந்து நகருக்குள் நுழையாமல், சமயநல்லூர் பக்கம் நான்குவழிச் சாலையைப் பிடித்து, கப்பலூர் வழியாக ரிங் ரோடு ஏறி விமான நிலையம் போவது நிம்மதி. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருங்கள். முழங்கால் வலியுள்ள பெற்றோருக்குச் சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். துபாய் விமான நிலையத்தின் நடை தூரம் இளைஞர்களையே களைக்க வைக்கும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

துபாயில் இறங்கியபின்

1. வீட்டுக்குப் பேச வழி செய்யுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும். குரல், வீடியோ அழைப்பு போகாது. ‘போட்டிம்’ செயலியை இங்கேயே இரு தரப்பு போனிலும் ஏற்றிவிட்டால், ‘இறங்கிட்டோம்’ என்ற செய்திக்காக வீட்டில் தவிக்க மாட்டார்கள்.

2. நோல் அட்டை வாங்குங்கள். மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் அது போதும். மெட்ரோவில் பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. தெரியாமல் ஏறும் ஆண்களுக்கு அபராதம். உள்ளே சாப்பிட்டாலும், தண்ணீர் குடித்தாலும், சூயிங்கம் மென்றாலும் 100 திர்ஹாம்.

3. முதல் நாள் பழைய துபாய். தேரா பக்கம் தங்க, மசாலாச் சந்தைகளைப் பார்த்துவிட்டு, ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா என்னும் படகில் கடற்கழியைக் கடந்து பர் துபாய்க்கு வாருங்கள். 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவைவிட இந்தப் படகுப் பயணம் மனதில் நிற்கும். கராமாவிலும் பர் துபாயிலும் தமிழ்நாட்டுச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்.

4. வழிபாட்டு இடங்களுக்கு ஒரு நாள். ஜெபல் அலியில் 2022 அக்டோபரில் திறந்த இந்துக் கோயிலில் 16 தெய்வங்கள். அருகிலேயே குருத்வாராவும் தேவாலயங்களும். ஊத் மேத்தா புனித மரியாள் ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி நடக்கிறது. அபுதாபி போகும் வழியில் 2024 பிப்ரவரி 14 அன்று திறந்த பாப்ஸ் கோயிலுக்கு முன்பதிவு செய்து போங்கள்.

5. அபுதாபி ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்குக் கட்டணமில்லை. இணையத்தில் நேரம் பதிய வேண்டும். பெண்கள் தலை, கை, கால் மறைய உடுத்த வேண்டும். ஆண்களுக்கு அரைக்கால் சட்டை கூடாது. சேலையோடு போகிறவர்கள் முழுக்கை ரவிக்கையும் தலைக்கு ஒரு துணியும் எடுத்துச் செல்லுங்கள். மஸ்கட்டின் சுல்தான் கபூஸ் பள்ளிவாசல் பிற மதத்தாருக்குக் காலை 8 முதல் 11 வரை மட்டும், வெள்ளி விடுமுறை.

கேமரா, சொல், சாலை

முன்பின் தெரியாதவரை, குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் படமெடுப்பது சட்டப்படி குற்றம். அரசுக் கட்டடம், ராணுவ இடம், விமான நிலையப் பாதுகாப்புப் பகுதி ஆகியவற்றைப் பின்னணியில்கூட வைக்காதீர்கள். ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். டாக்ஸி ஓட்டுநரோடு வாய்த்தகராறு, கை சைகை, வாட்ஸ்அப்பில் வசவு ஆகியவையும் அங்கே வழக்காகும். கோபம் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

மது விஷயத்தில் நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் விதி வேறு. துபாயில் அனுமதி பெற்ற இடத்துக்குள் மட்டும், துபாயை ஒட்டிய ஷார்ஜாவில் அறவே இல்லை, குவைத்திலும் அப்படியே. பொது இடத்தில் போதையில் இருப்பது எல்லா இடத்திலும் குற்றம்.

சாலையை நடுவில் கடந்தால் துபாயில் 400 திர்ஹாம் அபராதம். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் ஊர் என்பதால் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். நம் பழக்கம் அங்கே உயிருக்கு ஆபத்து.

பாலைவனச் சவாரியில் மணல்மேடுகளில் ஜீப்பை ஏற்றி இறக்குவார்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகு, கழுத்து வலியுள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதில் ஏற வேண்டாம். கூடாரத்துக்கு நேர்ச் சாலையில் கொண்டுபோய் விடும் வண்டியைக் கேளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள்.

சிக்கல் வந்தால்

அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. துபாயில் அவசரமில்லாத புகாருக்கு 901. இந்தியர்களுக்கான உதவி மையம்: 800 46342, கட்டணமில்லை. பாஸ்போர்ட் தொலைந்தால்:

1. உடனே போலீசில் புகார் செய்து சான்று வாங்குங்கள்.
2. அந்தச் சான்று, பாஸ்போர்ட், விசா நகல்கள், புகைப்படத்தோடு துபாயின் இந்தியத் துணைத் தூதரகத்துக்கோ அபுதாபித் தூதரகத்துக்கோ போங்கள். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள்.
3. குடியேற்றத் துறையில் வெளியேறும் அனுமதி பெறுங்கள்.
4. விமான நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி டிக்கெட் தேதியை மாற்றுங்கள்.

நகல்களை ஒரு செட் பெட்டியிலும், இன்னொரு செட் பரவை வீட்டில் போன் எடுக்கக்கூடிய ஒருவரிடமும் விட்டுச் செல்லுங்கள்.

திரும்பும்போது

அமீரகத்தில் 5 சதவீத வாட் வரி உண்டு. ஒரு கடையில் 250 திர்ஹாமுக்கு மேல் வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டிச் சுற்றுலாப் பயணி ரசீது கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே திருப்பிப் பெறும் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். வாங்கிய பொருளைக் காட்டச் சொல்லலாம்.

தங்கம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரில் உலவுகிறது: பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று. அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிறவர்களுக்கு மட்டும்; ஒரு வாரம் சுற்றிப் பார்த்து வருபவருக்கு அது பொருந்தாது. தேரா சந்தையில் வளையல் வாங்கியிருந்தால் ரசீதைக் கைப்பையில் வைத்து, மதுரையில் இறங்கியதும் பச்சை வழியை விட்டுச் சிவப்பு வழியில் சென்று அறிவியுங்கள். அதிகாரி கணக்கிடும் வரியைக் கட்டி, கட்டிய ரசீதை நகை இருக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.